நாலு ஜெயித்தால்தான் சவரம்

1998 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மட்டாஞ்சேரியில் மழை. தெற்கிலிருந்து சாய்ந்து அடித்ததில் என் வீட்டு வாசல் படிகள் மூன்றில் இரண்டு நனைந்திருந்தன. அந்த நேரத்தில் என் கதவைத் தட்டியவரைப் போல ஒரு மனிதரைக் கொச்சி அதற்கு முன்பு பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் வேண்டாம், ஊர் தாங்காது.

அவர் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் ஐஸ் சேட்டன், அதாவது ஐஸ் அண்ணன். என்னைவிட ஏழு வயது இளையவர், இருந்தாலும் எனக்கும் சேட்டன்தான். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் பிளாண்டில் இருபத்திரண்டு வருடமாக வேலை. எங்களைப் போலவே மூன்று தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். தமிழில்தான் ஆரம்பிப்பார்; பாதி வழியில் மலையாளம் ஏறிக்கொள்ளும்.

ராத்திரி ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வீட்டுக்கு வந்தால் கேபிள் டிவியில் ஒரு சேனலில் மட்டும்தான் ஆட்கள் சுறுசுறுப்பாக இருப்பார்களாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஹாக்கி ஆடுகிறவர்கள். ஐஸைத் தோளில் சுமந்தே பழகிய மனிதருக்கு, அதைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டு சிலர் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பது பெரிய செய்தி. மூன்று வருடம் விடாமல் பார்த்தார். முற்றிவிட்டது.

“சாரே, எண்ண ஒரு ஆளு வேணும்” என்றார் உள்ளே வந்து, குடையை மடக்காமலே.

நான் முனிசிபல் ஆபீஸில் பிறப்பு, இறப்புப் பதிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். எண்ணுவது எனக்கு முதலில் வேலையாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு வியாதியாகிவிட்டது.

“எதை எண்ணணும்?”

“நம்ம கேரம் டூர்ணமென்ட். இந்த வருஷம் பிளேஆஃப்.”

கேரம் டூர்ணமென்ட் எனக்குத் தெரியும். ஜூன் நடுவில் இழுவலைக்கு அரசு போடும் டிராலிங் தடை வந்து படகுகள் கரையேறும். ஐஸ் வாங்க ஆள் இருக்காது. பிளாண்டு வராந்தாவில் இரண்டு இரண்டு பேராகப் பதினாறு ஜோடிகள் ஆடுவார்கள். தோற்ற ஜோடி வீட்டுக்குப் போய்விடும். மொத்தம் பதினைந்து ஆட்டம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்து, சாயா குடித்து, பருப்பு வடை தின்று கலைவார்கள்.

“அது அநியாயம் சாரே. ஒரு தடவ தோத்தா வீட்டுக்குப் போணுமா? அன்னிக்கு வயறு சரியில்லாம இருந்திருக்கும். அங்க அப்படியல்ல. ரெண்டு டீம் ஏழு ஆட்டம் வரைக்கும் ஆடும். யாரு முதல்ல நாலு ஜெயிக்கிறானோ, அவன் மேல போவான்.”

சொன்னதோடு நிற்கவில்லை. மேஜைமேல் அடுக்கி வைத்திருந்த என் மகளின் கல்யாணப் பத்திரிகைகளில் பதினாறை எடுத்துத் தரையில் பரப்பினார். இடது பக்கம் எட்டு, வலது பக்கம் எட்டு. அங்கே கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவாம். இங்கே கடல் கால்வாய் இருக்கிறது. இந்தக் கரையில் மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி. அந்தக் கரையில் வைப்பின், எறணாகுளம். ஒவ்வொரு கரையிலும் முதலாவது ஜோடி எட்டாவதோடு மோத வேண்டும், இரண்டாவது ஏழாவதோடு. எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். கடைசியில் இந்தக் கரை சாம்பியனும் அந்தக் கரை சாம்பியனும். நாலு ரவுண்டு.

நான் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். “குறைஞ்சது அறுபது ஆட்டம். எல்லாரும் ஏழு வரைக்கும் இழுத்தா நூற்றைந்து. என்னைக்கு முடியும்?”

“ரவுண்டுக்கு ஏழு நாளு. ஜூலை பதினொண்ணு.”

“ஜூலை பன்னிரண்டு என் பொண்ணு கல்யாணம்!”

“ஒரு நாள் பாக்கி உண்டல்லோ சாரே!”

அந்த ஒரு நாளைத்தான் இருபத்தெட்டு நாளும் காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் மாப்பிள்ளை கணேசன், பிராட்வேயில் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிற நல்ல பையன், ஆறு வருடமாக ஐஸ் சேட்டனுக்குக் கேரம் ஜோடி. அந்த முகூர்த்தமோ ஆனியில் கடைசி. விட்டால் ஆடி. ஆவணி வரைக்கும் மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் நான் என்ன பதில் சொல்வேன்?

ஆட்டம் தொடங்கியது. முதல் நாளே விபரீதம். “பனித்தரையில ஓடுற மாதிரி காய் ஓடணும்” என்று ஐஸ் சேட்டன் முந்தின நாளே பலகையை ஐஸ் கட்டி அடுக்கும் அறைக்குள் வைத்துவிட்டார். வெளியே எடுத்ததும் பலகைக்கு வேர்த்தது. பவுடர் போட்டார்கள், மாவாயிற்று. இன்னும் போட்டார்கள், ஆப்ப மாவாயிற்று. ஸ்ட்ரைக்கரை அடித்தால் நாலு அங்குலம் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு ஆட்டம் முடிய மூன்றே கால் மணி நேரம். “இதாணு டிஃபென்ஸ்!” என்று பரவசப்பட்டார் ஐஸ் சேட்டன்.

அடுத்தது தாடி. பிளேஆஃப் நடக்கிற வரை யாரும் சவரம் செய்யக் கூடாது, அங்கே அதுதான் வழக்கமாம். தோற்று வெளியே போன பிறகு சிரைத்துக்கொள்ளலாம். இதனால் இரண்டாவது வாரத்தில் மட்டாஞ்சேரியில் மழமழவென்ற முகத்தோடு நடப்பது அவமானமாகிவிட்டது. டூர்ணமென்டுக்குச் சம்பந்தமே இல்லாத போஸ்ட்மேனைக் கடைவீதியில் மூன்று பேர் நிறுத்தி, “எத்தனைக்கு எத்தனைல போச்சு?” என்று துக்கம் விசாரித்தார்கள். பாவம், அவரும் மறுநாளிலிருந்து தாடி விட்டார்.

கோப்பையும் உண்டு. ஐஸ் வார்க்கிற பழைய தகரப் பெட்டி, மூன்றரை அடி உயரம், வெள்ளிப் பெயிண்ட் அடித்தது. ஜெயித்தவர்கள் அதைத் தலைக்குமேல் தூக்க வேண்டுமாம்.

கணேசனும் ஐஸ் சேட்டனும் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். கணேசனுக்குத் தாடி கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. சம்பந்தியம்மாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, தாடியோட மணையில உக்காந்தா எழவு வீடு மாதிரி இருக்கும். சிரைக்காம வந்தான்னா நான் மண்டபத்துக்குள்ளேயே விட மாட்டேன். பெத்தவ சொல்றேன்.”

நான் கணேசனிடம் போனேன். “மாமா, சீரீஸ் முடியட்டும் மாமா” என்றான், தாடியைச் சொறிந்துகொண்டு. என் மகள் வசந்தியிடம் போனேன். அவளாவது அழுவாள் என்று நினைத்தேன்.

“அப்பா, பாதியில விட்டுட்டு வந்து தாலி கட்டினா, அந்த ஏழாவது ஆட்டத்தை ஆயுசு முழுக்க நான்தான் கேக்கணும். ஆடிட்டே வரட்டும்.”

இறுதிச் சுற்றில் எதிரி வைப்பின் மீனவச் சகோதரர்கள், ஔசேப்பும் பத்ரோஸும். வரிசையில் மேலே இருப்பவர்களுக்குச் சொந்த இடத்தில் ஒரு ஆட்டம் கூடுதல்; மேலே இருந்தது நம்மவர்கள். அதனால் முதல் இரண்டு இங்கே, அடுத்த இரண்டு வைப்பினில், பிறகு இங்கே, அங்கே, தேவைப்பட்டால் ஏழாவது மறுபடி இங்கே. இங்கே இரண்டையும் நம்மவர்கள் ஜெயித்தார்கள். ஜங்கார் படகில் அக்கரைக்குப் போனால் ஔசேப்பின் வீட்டில் ஆட்டத்துக்கு முன்னால் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தார்கள். “விருந்தாளியல்லே, கழிக்கு, கழிக்கு” என்று சாப்பிடச் சொல்லி வைத்துக்கொண்டே இருந்ததில் ஐஸ் சேட்டனால் பலகை வரைக்கும் குனிய முடியவில்லை. மூன்றாவது போயிற்று. நடுவில் ஒரு ஹர்த்தால், படகு ஓடவில்லை. என் கையிலிருந்த அந்த ஒரே நாள் அப்படிப் போயிற்று. பிறகு நாலாவதும் போயிற்று.

ஒரே ஆட்டத்தில் இரண்டு கட்சிக்கும் கை தட்டியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்கள் என் கட்சி. யாராவது சீக்கிரம் நாலைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாவதை நம்மவர்கள் ஜெயித்ததும், ஆறாவதிலேயே முடித்துவிடுவார்கள் என்று பள்ளுருத்தி பகவதிக்கு நேர்ந்துகொண்டேன். ஆறாவது நடந்தது கல்யாணத்துக்கு முந்தின நாள், வைப்பினில். மறுபடியும் கப்பை. மூன்றுக்கு மூன்று. மாப்பிள்ளை அழைப்புக்கு மாப்பிள்ளையைப் படகுத்துறையிலிருந்து நனைந்த கோழி மாதிரி அழைத்து வந்தோம்.

ஜூலை 12. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்து. ஏழாவது ஆட்டம் காலை ஆறு மணிக்கு, பிளாண்டு வராந்தாவில். மண்டபத்திலிருந்து இரண்டு தெரு. எட்டேகாலுக்கு ஆட்டம் முடிந்தது. பாயின்ட் சமம்.

“இனி சடன் டெத்!” என்று ஐஸ் சேட்டன் எழுந்து நின்று அறிவித்தார்.

“கல்யாண நாள்ல வாயைக் கழுவும் ஓய்! டெத் எழுதறதை நான் விட்டு ரெண்டு வருஷமாச்சு!”

அங்கே சமநிலை என்பதே கிடையாதாம். யாராவது ஒரு கோல் போடும்வரை ஆடிக்கொண்டே இருப்பார்களாம். இங்கே கோலுக்குப் பதில் ரெட். ரெட்டைப் போட்டு அடுத்த அடியிலேயே ஃபாலோ காயும் விழுந்தால் வெற்றி. விழாவிட்டால் ரெட் மறுபடி நடுவுக்கு வரும். ஆடி பிறக்கப் போகிற ஈரத்தில் பலகை ஊறிக் கிடந்தது. ரெட் போனது, வந்தது. போனது, வந்தது. பதினோரு தடவை வந்தது. மண்டபத்திலிருந்து நாதஸ்வரம் கேட்டது.

நான் ஓடிப்போய் பார்பர் பாபுவை இழுத்து வந்தேன்.

“காத்திருக்கிறதுக்கு தனி சார்ஜ் சாரே.”

“ஒரு பைசா கிடையாது. நீ என்ன டாக்ஸியா?” அந்த அவசரத்திலும் பேரம் பேசினேன். என் சுபாவம் அப்படி. பிறகு ஐஸ் சேட்டனிடம் திரும்பினேன். “கத்தி வைக்கக் கூடாது, சரி. சோப்புப் போடலாமா?”

அவர் கண்ணை மூடி யோசித்தார். மூன்று வருட ஆட்டத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

“அதத் தடுக்கிற ரூல் கண்டிட்டில்ல. போட்டுக்கோங்க.”

பட்டு வேட்டி, முகமெல்லாம் வெள்ளை நுரை. மாப்பிள்ளை கேரம் ஆடினான். நுரை காய்ந்தது, பாபு மறுபடி போட்டான். ஒரு பொட்டு பலகைமேல் விழ, “ஃபவுல்!” என்று பத்ரோஸ் கத்தினார். “ஃபவுலாணோ அல்லயோ” என்று ஆறு நிமிடம் வாதம். மணி ஒன்பது இருபத்தெட்டு.

ஐஸ் சேட்டனின் முறை வந்தது. ரெட்டைப் போட வழியில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ரெட்டைக் காய்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதில் அவர் மன்னர். ஒளித்துவிட்டால் இன்னும் அரை மணிக்கு எவனாலும் தொட முடியாது. அன்று காலையிலேயே நாலு தடவை அப்படிச் செய்திருந்தார். ஸ்ட்ரைக்கரை வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த நுரை முகத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அடித்தார். ரெட் உருண்டு போய் ஔசேப்பின் வலது கைக் குழிக்கு முன்னால், தாம்பூலத் தட்டில் வைத்த மாதிரி உட்கார்ந்தது. ஃபாலோவும் பக்கத்திலேயே. ஔசேப்பு நம்பாமல் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, இரண்டையும் போட்டார்.

“கை வழுக்கிப் போயி” என்றார் ஐஸ் சேட்டன்.

வைப்பின்காரர்கள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். நான் கணேசனைப் பிடித்து இழுத்தேன். “நில்லு சாரே” என்று ஐஸ் சேட்டன் தடுத்தார். சீரீஸ் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக நின்று கை கொடுக்க வேண்டுமாம், ஜெயித்தவன் தோற்றவன் எல்லோரும். நுரையோடு கை கொடுத்தான் கணேசன். பிறகுதான் பாபுவின் கத்தி. தாலி ஏறும்போது ஒன்பது ஐம்பத்தாறு. கல்யாண போட்டோவில் மணமக்களுக்குப் பின்னால் வெள்ளியாக மின்னுவது தூணல்ல, அந்தப் பெட்டி. தாடிக்கார இருவர் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “சேட்டா, உண்மையைச் சொல்லும். வழுக்கிச்சா?”

“ஈரமல்லே சாரே. போர்டு நனஞ்சிருந்து. பாயசம் வருது, இலையப் பாருங்க.”

இருபத்திரண்டு வருடம் ஐஸ் கட்டியைத் தூக்கி ஒன்றைக்கூடக் கீழே போடாத கை அது. இன்றைக்கும் ஜூலை 12 வந்தால் பள்ளுருத்தியிலிருந்து பஸ் ஏறி என் மகள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். கணேசனோடு ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம். ஒரு தடவையும் நான் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதில்லை.

அன்று கணேசனை முடித்த கையோடு அவரையும் அதே பெஞ்சில் உட்கார வைத்து பாபு தாடியை எடுத்தான். நான்கு வாரத் தாடி, சவரமல்ல சாரே, புல் அறுக்கிற வேலை என்று சொல்லி ஆளுக்கு முப்பது கேட்டான். சேட்டன் மடியைத் தடவினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். அறுபது ரூபாய்.