நான்கெல்லையும் தண்ணீர்

சங்கரன்கோவில்,
புதன்கிழமை காலை.

அன்பு மகன் கோமதிசங்கருக்குத் தகப்பன் சண்முகையா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நலமாக இல்லை. ஒன்பது நாளாக உன்னிடமிருந்து தகவல் இல்லை. நான் அனுப்பிய நாற்பத்தோரு வாட்ஸப் செய்திகளும் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. ஆகவே பேனாவை எடுத்துவிட்டேன். கடையநல்லூர் தாஹா நாளை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். அங்கே உன் படகுத்துறை ஆபீசில் இதைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். கம்ப்யூட்டர் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம் என்று நீயும் மருமகள் அபிதாவும் படகில் குடியேறியபோதே கேட்டேன், உன் வீட்டுக்கு நான்கெல்லை என்ன என்று. வடக்கே தண்ணீர், தெற்கே தண்ணீர், கிழக்கே தண்ணீர், மேற்கே எவனோ ஒரு வெள்ளைக்காரனின் படகு. சர்வே எண் இல்லாத இடத்தில் குடியிருப்பவனை எங்கே போய்த் தேடுவது? நம் தெப்பக்குளத்திலேயே மூன்றாம் படிக்குக் கீழே இறங்காதவன் நான், எனக்கு இப்படி ஒரு பிள்ளை.

கடைசியாகப் பேசியபோது நீ என்ன சொன்னாய்? "அம்மா அனுப்புன திருஷ்டி பொம்மை கூரியர்ல வந்துட்டுப்பா. நாளைக்குத் தீவுப் பக்கம் போறோம், அங்கன டவர் கிடைக்காது. கூரை மேல டிஷ் இருக்கு, நெட்டு வந்துரும். பயப்படாதீங்க." மறுநாள் முதல் நெட்டும் இல்லை, நீயும் இல்லை. டிவியில் செய்தி தொடங்கினால் உன் அம்மா கண்ணை மூடிக்கொள்கிறாள், நான் சத்தத்தைக் குறைக்கிறேன், இப்படியே இருவரும் ஒன்பது நாளாகச் செய்தி பார்க்கிறோம். "போட்டு படத்தச் சொந்தக்காரங்க குரூப்ல போடாதீங்கன்னு சொன்னேன், கேட்டியளா? நிர்மலாதேவி மைனி கண்ணு பட்டுட்டு. திருஷ்டிக்குன்னு நான் அனுப்புன அந்தத் தகர பூத மூஞ்சிய ஒழுங்கா உச்சியில கட்டுனாவளோ என்னமோ" என்று ஒரே புலம்பல். எதற்கும் நல்ல கயிறாகப் பார்த்து இறுக்கிக் கட்டு, மகனே.

நேற்று கோமதியம்மனுக்குப் படகு உருவத் தகடு காணிக்கை போடப் போனோம். தகடு விற்கும் இசக்கிப்பாண்டி முழித்தான். "அண்ணாச்சி, பாம்பு இருக்கு, தேள் இருக்கு, வீடு இருக்கு. போட்டு கேட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வரலியே." கடைசியில் பிள்ளை வரம் கேட்பவர்கள் போடும் தொட்டில் தகட்டை எடுத்தான். "மேல உள்ள கயித்த மடக்கிட்டா இதுவும் போட்டுதான்." நானே மடக்கினேன். கொஞ்சம் கோணலாகிவிட்டது. உண்டியலில் போட்ட பிறகு, கோணல் படகு கவிழுமே என்று ஒரு பயம் பிடித்தது. வெளியே எடுக்கவும் வழியில்லை. இரவெல்லாம் தூங்கவில்லை.

கோமதி, எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிச் சொல்ல வெட்கமில்லை. இக்கடிதம் கண்டவுடன் படகை விற்றுவிட்டு ஊர் வந்து சேர். நம் மாடியிலேயே நெட்டு நன்றாக வருகிறது, கரண்ட் இருந்தால்.

கோமதியம்மன் உங்கள் இருவரையும் கரையில் வைத்துக் காப்பாளாக.

உன் அப்பா,
சண்முகையா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது, நீ கரை திரும்பி வீடியோ அழைப்பில் வந்துவிட்டாய். உன் அம்மா அனுப்பிய தகர மூஞ்சியைத்தான், உச்சி என்று டிஷ்ஷின் மேலேயே கட்டி வைத்தாளாமே அபிதா! அந்தத் தகரம்தான் ஒன்பது நாளும் நெட்டை மறைத்திருக்கிறது. வயிற்றில் நாற்பது நாள் பிள்ளையோடு ஏறிக் கட்டியிருக்கிறாள், பிள்ளை உண்டானது அவளுக்கே தெரியாமல். கயிற்றை மடக்கியும் அம்மன் அதைத் தொட்டில் என்று கண்டுபிடித்துவிட்டாள். அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் மேலே எழுதியது அத்தனையும் ரத்து. நீங்கள் வர வேண்டாம், படகை விற்க வேண்டாம், நாங்கள் வருகிறோம். விசாவுக்குத் தாஹாவிடம் சொல்லிவிட்டேன். பூதத்தைக் கட்டிய கயிற்றைத் தூக்கி எறிந்துவிடாதே. படகில் என்னைக் கட்டி வைக்க வேண்டியிருக்கும்.