பனிக்கடலில் திறந்த நோன்பு

அன்பின் நஜீம் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நோன்பும் தொழுகையுமாய் நலமாக இருப்பீர்கள். இங்கே சாய்ந்தமருதில் உங்கள் தங்கை பஸ்மிலா சுகம். நான் உங்கள் வாப்பாவின் வீட்டு மாப்பிள்ளையாக இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறேன். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்லலாம்.

நேற்றைய சங்கதியை வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கச் சைரன் அடிக்கும் செயலி நான் செய்தது. ஆனால் சூரியன் மறையும் கணக்கு என்னுடையதல்ல. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் நிரல். பள்ளிக் கணினி தினமும் காலையில் அதை இறக்கி என் செயலியோடு சேர்த்துக் கட்டும். எத்தனையாம் பதிப்பு வேண்டும் என்று எண் போட வேண்டிய இடத்தில் நான் 'எது புதிதோ அது' என்று எழுதிவைத்திருந்தேன். நேற்றைய மீனை இன்று வாங்குகிற ஊரா மச்சான் நம்முடையது?

அந்த மனிதர் நேற்று ஒரு புதிய பதிப்பை விட்டிருக்கிறார், அதில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிக் கேட்கிறார், என் செயலியோ பழைய வரிசையிலேயே கொடுத்திருக்கிறது, சாய்ந்தமருது அப்படியே போய் வடதுருவத்துப் பனிக்கடலில் விழுந்துவிட்டது, அங்கே இந்த மாதம் சூரியன் தலையைக் காட்டியதும் ஓடிவிடுமாம், இங்கே மழை இருட்டு வேறு, ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை, சைரன் அடித்தது, பள்ளியைச் சுற்றியுள்ள மஹல்லாவே நோன்பு திறந்தது, உங்கள் வாப்பா இரண்டாவது கோப்பைக் கஞ்சியில் இருக்கும்போது மேகம் விலகினால், வயல் பக்கம் சூரியன் பளிச்சென்று நிற்கிறது!

"எல்லாரும் இதுக்குப் பதிலா ஒரு களா நோன்பு பிடிக்கோணும்" என்று மௌலவி ஒலிபெருக்கியில் சொன்னார். மாமிதான் கேட்டார்: "ஏன் மகன், புதுசு புதுசெண்டு எடுத்துப் போட்டா, அது என்னெண்டு ஒருக்காப் பாக்கிறல்லையா?" பள்ளித் தலைவரான உங்கள் வாப்பா ஒன்றுமே கேட்கவில்லை. நேற்றிலிருந்து என்னோடு கதைக்கவே இல்லை. ஏசினாலாவது பரவாயில்லை, எனக்கு வெட்கம் தாங்கவில்லை மச்சான்.

ஆனால் இனிக் கவலையில்லை. பழைய பதிப்பின் எண்ணை எழுதிப் பூட்டிவிட்டேன். அந்த மனிதர் தலைகீழாக நின்று எதை வெளியிட்டாலும் நம் பள்ளிக்குள் வராது. 'இன்றைக்குச் சைரன் பிழையாக அடித்தால் என்னைக் கேளுங்கள்' என்று ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாருக்கும் முன்னால் சொல்லியும் விட்டேன். நீங்கள் லீவு போட்டு வந்து பார்ப்பதாகச் சொன்னீர்களாம், சத்தியமாகத் தேவையில்லை.

ரமழானின் பரக்கத் உங்கள் வீடு நிறைய இறங்கட்டும். மதினிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம்.

மருமகன் பதவி நிலைக்க உங்கள் துஆவை வேண்டும்,
காலிதீன்

பி.கு.: இதை அனுப்பப் போகும்போது சைரன் அடித்துவிட்டது. வெளியே வெயில். எண்ணைப் பூட்டியது என் மடிக்கணினியில். பள்ளிக் கணினிக்கு அதை ஏற்ற மறந்தே போனேன். இன்றிரவு பஸ்ஸிலேயே வாருங்கள் மச்சான். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் உங்கள் வாப்பா வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்து என்னோடு கதைத்துவிட்டார்: "சனமெல்லாம் பயந்துபோய் நிண்டுது மருமகன், உங்கள நம்பி நான்தான் முதல் ஆளாத் திறந்து காட்டின."