பாம்பன்ரியின் கொதி

டொராண்டோவின் பனிக்காலத்தை ஹீட்டர் இல்லாமலே கழிக்கக்கூடியவர் ஒருவர் இருந்தாரென்றால், அது பாம்பன்ரிதான். உடம்புக்குள் அவ்வளவு கோபம். யாழ்ப்பாணத்தில் ஆன்ட்டியை 'அன்ரி' என்பார்கள், கோபத்தைக் 'கொதி' என்பார்கள். அன்ரியைப் பார்த்த பிறகு, இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்று முடிவுகட்டிவிட்டேன்.

இலங்கையில் போர் முடிந்த 2009ஆம் வருடத் தொடக்கத்தில், மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இறங்கிய நான், ஸ்காபரோவில் அவருடைய ஏழாம் மாடி ஃப்ளாட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். அன்ரிக்குக் கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலை. பஸ் தாமதமாக வந்தால் டிரைவருக்குத் திட்டு. சீக்கிரம் வந்தால் அதற்கும் திட்டு. வானிலை அறிக்கை வாசிக்கும் பெண்ணுக்கு, அவள் டிவிக்குள் இருக்கிறாள் என்றுகூடப் பாராமல் திட்டு.

ஹாலில் ஜன்னலோரம் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே பாதிக்கு மேல் மண். ஒரு செடிகூட முளைத்திருக்கவில்லை. விதை போட்டுவிட்டுத் தண்ணீர் விட நேரமில்லாமல் அலைகிறார், பாவம் என்று நினைத்து, குடிபுகுந்த மூன்றாம் நாள் ஒரு ஜக் தண்ணீரைக் கவிழ்த்தேன்.

"ஐயோ! என்ன வேலை பாத்தனீர்?" அன்ரி கரண்டியோடு ஓடி வந்தார்.

"மண்ணு காஞ்சு கெடந்துச்சு ஆன்ட்டி. என்ன செடி போட்டிருக்கீங்க?"

"செடியோ? உதுக்குள்ள பாம்பெல்லோ கிடக்குது!"

சோபாவின் மேல் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. ஜக் கையிலேயே இருந்தது.

அது கலபார் என்ற ஆப்பிரிக்கப் பாம்பு. மலைப்பாம்பு இனம் என்றாலும் மூன்றடிதான் இருக்கும், விஷம் இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும். பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு, தலை போலவே தோன்றும் வாலை வெளியே நீட்டும். அன்ரி பராமரித்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இதை வளர்த்தார். அவர் செத்ததும், பாம்பை யார் கொண்டுபோய்த் தொலைப்பது என்று மகனும் மகளும் சண்டை பிடித்தார்களாம்.

"உயிரோட இருக்கேக்க அப்பரைப் பாக்க வரேல்லை. அப்பற்ற பாம்பைத் தூக்கி எறிய மட்டும் வந்திட்டினம்!"

இருவரையும் திட்டித் தீர்த்துவிட்டு, பாம்பைத் தலையணை உறைக்குள் போட்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதிலிருந்து கட்டடம் முழுக்க அவர் பாம்பன்ரி.

"எனக்கு உந்தப் பாம்பைக் கண்ணில காட்டக் கூடாது" என்பார். ஆனால் வேலையிலிருந்து வந்ததும் தொட்டியருகே நாற்காலியைப் போட்டு, அன்றைய கோபங்களையெல்லாம் அதனிடம்தான் ஒப்பிப்பார். ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் அதற்கான எலிகள், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள். ஐஸ்கிரீம் என்று நம்பி ஒரு நாள் திறந்தேன். அதோடு ஐஸ்கிரீம் ஆசை போயிற்று. வெள்ளிக்கிழமை வீட்டில் மீன், இறைச்சி கிடையாது. பாம்புக்கும் விரதம்.

"எவ்வளவு சொன்னாலும் உந்தத் தலைக்கு ஒண்டும் ஏறுதில்லை" என்று ஒரு நாள் சலித்துக்கொண்டார். அது தலை இல்லை, வால் என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

அன்ரி நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்து, தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"அப்ப ரெண்டு வருசமா நான் வாலோடயோ கதைச்சனான்?"

இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை, பாம்போடும் பேசவில்லை.

அவருடைய ஒரே தம்பி, மனைவி மகளோடு போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தார். குளிர் முடிவதற்குள் அங்கிருந்து போன் வருவது நின்றுவிட்டது. அன்ரி வேலை முடிந்ததும் நகரத்துக்குள் போய், தெருவோரம் ஆயிரக்கணக்கானவர்களோடு போரை நிறுத்தச் சொல்லும் பதாகை பிடித்து நின்றுவிட்டு, தொண்டை கட்டித் திரும்புவார். கட்டின தொண்டையோடு என்னைப் பிடித்துக்கொள்வார்.

"உங்கட நாடு என்ன செய்தது? உங்கட ஆக்கள் என்ன செய்தவை?"

ஒரு நாள் எனக்கும் பொறுக்கவில்லை. "நான் என்ன ஆன்ட்டி செஞ்சேன்?" என்று கத்தினேன்.

"ஒண்டும் செய்யேல்லை. அதைத்தான் சொல்லுறன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் மேல் ஆத்திரமாக வந்தது. யோசிக்க யோசிக்க, என் மேல்தான் வந்தது. மறுநாள் ஆபீஸிலிருந்து நேரே போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"ஜக்கற்றைப் பூட்டும். காய்ச்சல் வந்தால் ஆர் பாக்கிறது?" ஜாக்கெட் ஜிப் போடாமல் நின்றேனாம், அதற்கும் திட்டு.

மே மாதம், எல்லாம் முடிந்துவிட்டது என்று டிவி சொன்னது. அன்று அன்ரி யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர், எழுந்து தொட்டியருகே போனார். மூடி அரைகுறையாகத் திறந்திருந்தது. காலை அவசரத்தில் அவரே சரியாக மூடாமல் போயிருக்கிறார். மண்ணைக் கையால் கிளறினார். அடிவரை கிளறினார். பாம்பு இல்லை.

தொட்டியை அப்படியே கம்பளத்தில் கவிழ்த்தார்.

"என்னால ஒண்டையும் காப்பாத்த ஏலாது! ஒண்டையும்!"

பாம்பென்றால் நடுங்கும் நான், கட்டிலுக்கடியில் ஊர்ந்தேன். ஃப்ரிட்ஜை நகர்த்தினேன். சோபாவைப் புரட்டினேன். கடைசியில் சமையலறை ஜன்னலடியில் இருந்த பெரிய கறிவேப்பிலைச் செடியின் சாடியைப் பார்த்தேன். மண் ஒரு பக்கம் புடைத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். வழுவழுவென்று ஒரு பந்து.

"ஆன்ட்டி, இருக்கு!"

"உயிரோடயோ?"

"உயிரோடதான்."

அந்தப் பந்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "எங்கயடா போனனீ? ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போகக் கூடாதோ?" என்று திட்டத் தொடங்கியவர், திட்டிக்கொண்டே அழுதார். நான் கம்பளத்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் ஒரு முகாமிலிருந்து போன் வந்தது. தம்பியின் மனைவியும் மகளும் இருந்தார்கள். தம்பி இல்லை. அன்ரி மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள், அவர்களை இங்கே கூப்பிடும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரிலிருந்து திட்டத் தொடங்கினார். வக்கீலைத் திட்டி, மொழிபெயர்த்தவரைத் திட்டி, தபால்காரரைத் திட்டி, சில வருடங்களில் இரண்டு பேரையும் கனடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவ்வளவு கொதியும் வேறு எதற்குத்தான் பயன்பட்டிருக்கும்?

பாம்பு வயதாகிச் செத்துப்போனது. அன்ரி இப்போது டொராண்டோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில் அவர்களோடு இருக்கிறார். நான் யூனியன்வில்லிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வேன். போன வாரம் அவர் குரல் தளர்ந்திருந்தது. பனி, பஸ், அரசாங்கம் எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"ஆன்ட்டி, நேத்து நானே உங்க ஊர்ச் சொதிக் குழம்பு வச்சேன். தேங்காய்ப்பால் இல்ல. பசும்பால் ஊத்தி, ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டேன்" என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

"சொதிக்குள்ள சீனியோ?" என்று குரல் உயர்ந்தது. பிறகு ஆரம்பித்தார்.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.