நல்ல டிவிடிக்கு ஒரு சான்றிதழ்

பச்சை நிறத்தில் எது தெரிந்தாலும் நம்பிவிடுகிற வயது ஒன்று உண்டு. எனக்கு அது, பண்டாரவளை ஸ்டூடியோ ஒன்றில் கல்யாண வீடியோக்களை டிவிடியில் பதிந்து கொடுத்த நாட்களில் வந்தது. (அதற்கு முன்னால் கேசட். அதில் பூஞ்சணம் பிடித்தால் குளிரைக் குறை சொல்லித் தப்பிவிடலாம்.)

புதிதாக வந்த டிவிடி ரைட்டர் பதிவதோடு நிற்காது. பதிந்த தட்டில் எங்கே எவ்வளவு பிழை என்று தானே அளந்து, திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும். கோடு தாழ்வாக ஓடினால் நல்ல தட்டு. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறிவர, உள்ளே அந்தக் கோடு ஊர்ந்துபோவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தேநீர் ஆறிப்போகும். (முதலாளி இதை வேலை என்று நினைத்திருந்தார்.)

ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், சுப்பையா அண்ணன் மகள் புஷ்பத்தின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். அன்றைக்குப் பெண்ணின் தாய் மாரியாயி அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். முகூர்த்தத்தை மாற்ற வேண்டாம் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வீடு திரும்பியதும் காட்டத்தான் இந்த டிவிடி. அவர் திரும்பிய மறுநாள் காலையே மணமக்கள் கொழும்புக்குப் புறப்படுவதாக இருந்தது.

விஷயம் பெரிது என்பதால், பச்சைக் கோட்டை அச்சடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போனேன். லயத்து வீட்டு வாசலில் அதை நீட்டி, இந்தத் தட்டு உலகத் தரம் என்று விளக்கினேன். சுப்பையா அண்ணன் எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்த மலைங்க தம்பி?"

படம் ஓடியது. வீட்டுக்குள் புகுந்த பனியில் டிவி வெளிச்சம் நீலமாகக் கரைந்து, எல்லோரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. அக்கா போர்வைக்குள்ளிருந்து கண் இமைக்காமல் பார்த்தார். மேளம் வேகமெடுத்தது. மாப்பிள்ளை ரவி தாலியைக் கழுத்தருகே கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார்.

தட்டைத் துடைத்தேன், ஊதினேன், சட்டையில் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் ரவியின் கை சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. கோட்டில் நன்றாகத்தான் இருக்கிறது என்று உறையை மறுபடி நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. நாளைக்கு வேறு தட்டு கொண்டுவருவதாக இழுத்தேன்.

"புள்ள கழுத்துல தாலி ஏறுறத பாக்கத்தான் நான் எந்திரிச்சு வந்தேன்" என்றார் அக்கா.

பிறகு புஷ்பம் எழுந்தாள். சாமிப் படத்தடியிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து ரவியிடம் கொடுத்தாள்.

"இன்னொரு வாட்டி கட்டுங்க. அம்மா பாக்கட்டும்."

ரவி சாரத்தை இறுக்கிக்கொண்டு எழுந்தார். சுப்பையா அண்ணன் தகர வாளியைக் கவிழ்த்து மேளம் கொட்டினார். அக்கா போர்வையை உதறிவிட்டு வந்து, சமையலறை அரிசியை அள்ளித் தூவினார். அதில் பாதி என் தலையில் விழுந்தது.

பிறகு அதே தட்டை வேறொரு கடை ரைட்டரில் அளந்து பார்த்தேன். கோடு செங்குத்தாக மலையேறியது. எங்கள் ரைட்டர் தான் எழுதிய பரீட்சையைத் தானே திருத்தி மார்க் போட்டிருக்கிறது.

மாரியாயி அக்கா முதல் கல்யாணத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த வீட்டில் இன்றுவரை கல்யாண நாள் என்றால் தட்டு நின்ற நாள்தான். வருடா வருடம் புஷ்பம் எனக்கு போன் பண்ணி அழைப்பாள்.

"மறக்காம வந்துருங்கண்ணே. படம் மட்டும் எடுக்காதீங்க."