அரிசி டிரம்மும் பதினோராவது ட்ரில் பிட்டும்

மரக்காணம்,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் கன்னியப்பன் அவர்களுக்கு,

பஞ்சநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை திரௌபதியும் நலம். தங்கள் கடைவாய்ப் பல் நலமா என்று முதலில் கேட்பதே முறை, கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இலையில் நடந்ததற்கு நானே பொறுப்பு. ஆனால் ஐ.டி.ஐ.யில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டர் பாடம் நடத்தியவன் காரணம் சொல்லாமல் விட முடியவில்லை. உப்பளக் காற்றில் இரும்பு ஒரு வாரம் தாங்காது. என் கருவிகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன், எறும்பு வந்தது. கிரீஸ் தடவிப் பழைய வேட்டியில் சுற்றினேன், அது பழைய வேட்டி இல்லை என்று திரௌபதி சொன்னாள். பெட்டிக்குள் கற்பூரம் போட்டேன், வெள்ளிக்கிழமை அதை எடுத்துச் சாமிக்கு ஏற்றிவிட்டாள். வீட்டில் ஈரம் அண்டாத இடம் எது என்று யோசித்ததில் அரிசி டிரம்தான் மிஞ்சியது. இரும்பில் துளை போடும் ட்ரில் பிட்டுகளை அதில் புதைத்து, பதினொன்று என்று நோட்டில் எழுதினேன். எடுத்தபோது பத்து இருந்தது. நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று நோட்டைத் திருத்திவிட்டேன். என் சுபாவம் தங்களுக்குத் தெரியும். பதினோராவது தங்கள் சாம்பார் சாதத்தில் கிடைத்தது.

"ஏம்மா, முருங்கக்காய்ல நாரு இருக்கும், ஆணியுமா இருக்கும்?" என்று தங்கையிடம் கேட்டீர்கள். அது நியாயம். கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னதுதான் நியாயமில்லை.

"மாப்ள, உப்பளத்தாண்ட இரும்ப வெச்சிக்கிறது, பூனைய காவலுக்கு வெச்சி கருவாடு காயப்போடற மாதிரி. வர்ற ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துனு வர்றேன். எல்லாத்தயும் பழைய இரும்புக் கடையில போட்ருவோம்."

நான் தலையாட்டினேன். அது சம்மதம் இல்லை. வாயில் ரசம் இருந்தது. வண்டி எடுத்து வர வேண்டாம். வந்தாலும் தரமாட்டேன். இந்த வரியை மூன்று முறை எழுதிக் கிழித்தேன், நான்காவது முறையும் அதுவேதான் வந்தது. என் வெர்னியர் அளவுகோல் இன்றைக்கும் ஒரு தலைமுடியைச் சரியாக அளக்கும். திங்கட்கிழமை, கருவிகள் வைத்திருக்கும் ஷெட்டில் கடைசி அரம் வரை எண்ணெய் போட்டு, இருபது வருடமாகச் சும்மா தொங்கிய பூட்டை முதன்முறையாகப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "எங்கண்ணன் வந்தா என்னா சொல்லுவீங்க?" என்று திரௌபதி கேட்டாள். "சாவிய குடுக்கமாட்டேன்னு சொல்லுவேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன், அவள் அடுப்படிக்குப் போன பிறகு.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. பல் கூச்சம் இருந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கவும். உப்புக்கு இங்கே பஞ்சமில்லை.

தங்கள் பணிவுள்ள, ஆனால் பணியாத,
பஞ்சநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் ஷெட்டைத் திறக்கப் போனேன். எல்லா இரும்புக்கும் எண்ணெய் போட்டவன் பூட்டுக்குப் போட மறந்திருக்கிறேன். சாவி உள்ளேயே முறிந்துவிட்டது. பூட்டை அறுக்கலாம் என்றால், இரும்பு அறுக்கும் ரம்பம் ஷெட்டுக்குள் இருக்கிறது. திண்டிவனத்தில் தங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒரு சொட்டு எண்ணெய் காணாமல் தொங்கும் ரம்பம் இதுவரை துருப்பிடித்ததில்லை என்று அடிக்கடி சொல்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வரவும். வண்டியிலேயே வந்தாலும் சரி.