எதிரணி கட்சி மாறிய மாலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு இருபதுக்கு என் வீட்டில் எல்லாம் கெட ஆரம்பித்தது. அன்றைக்கே ஆறரை மணிக்கு நான் எதிரணியோடு மேடை ஏற வேண்டியிருந்தது. நாலு மணி வரைக்கும் அந்த மேடைதான் என் வாழ்க்கையின் பெரிய சோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிரணி எங்கள் விளாங்குடித் தெருக்காரர். பஸ் டிப்போவில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம்; எதிரணி என்பது தெரு வைத்த பெயர். இங்கிருந்து சோழவந்தான் வரை தேடினாலும் அவர் வாயால் ‘ஆமா’ என்று கேட்ட ஒருத்தர் கிடைக்கமாட்டார்.

“வெயில் கொளுத்துதுண்ணே” என்றால், “இதெல்லாம் ஒரு வெயிலா?” என்பார். அடுத்து வருகிறவர் உஷாராக “வெயில் பரவாயில்லண்ணே” என்பார். “பரவாயில்லயா? மனுசன் வெந்து சாகுறான்யா!” கல்யாணத்தில் போதகர் “சம்மதமா?” என்று கேட்டதற்கு, “சம்மதம் இல்லாமயா இம்புட்டு தூரம் வந்தேன்?” என்றாராம். அவர் மனைவி பிழைக்கத் தெரிந்தவர். “காபி வேணாம்ல?” என்றுதான் கேட்பார். “யாரு சொன்னா?” என்று தம்ளரை வாங்கிக்கொள்வார்.

தெருச் சங்கத்து ஆண்டு விழாவில் பட்டிமன்றம். ‘போதைப்பொருளைச் சட்டமே அனுமதித்தால் குற்றம் குறையுமா, கூடுமா?’ ஊரே ‘கூடும்’ என்றதால் எதிரணி ‘குறையும்’ அணிக்குத் தலைவரானார். ‘கூடும்’ அணிக்கு நான். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகத் தமிழ் நடத்துகிறவள். விற்கிறவன், வாங்குகிறவன் எல்லாரையும் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன்.

நாலு இருபதுக்குத் துணி ஊறப்போட்டேன். என் மகன் ஜோயலின் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை. பாதி காலி.

“என்னடா இது?”

“வலிக்குப் போடுறதும்மா.”

மதுரை வெயிலில் மூன்று மாதமாக முழுக்கைச் சட்டையே போட்டுக்கொண்டு திரிந்தான். காலேஜ் ஸ்டைல் என்று நினைத்தேன். அன்றுதான் கையைப் பிடித்துச் சட்டையைச் சுருட்டிப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் ஊசித் தடங்கள். அந்த மாத்திரை வலிக்கு இல்லை, போதைக்கு.

ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவருக்குப் போன் போட்டேன். “வாரேன்” என்றார். என் தம்பியும் “இந்தா வாரேங்க்கா” என்றான். வந்தது சங்கத்து ஆட்டோதான். “டீச்சர், மைக் செட் ரெடி!” மாத்திரை அட்டையைக் கைப்பையில் திணித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரை ஜோயலோடு உட்கார வைத்துவிட்டுப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம்.

எதிரணி முதலில் பேசினார். “டாக்டர் எழுதிக் குடுத்து, ஆஸ்பத்திரில அளந்து குடுத்தா, சந்துல விக்கிறவன்கிட்ட எவன் போவான்? செயின் அறுப்பானா? போலீஸ் பயமில்லேன்னா அடிமையானவன் தானா வைத்தியத்துக்கு வருவான்ல?” கூட்டம் சிரித்தது. “அண்ணே, ரேஷன்ல போடச் சொல்வீகளோ?” என்று ஒரு குரல்.

என் முறை வந்தது. பையிலிருந்து காகிதத்தை உருவினேன். கூடவே அந்த அட்டையும் மேஜையில் விழுந்தது. சிவப்பு வரியைப் படிக்க வாய் வரவில்லை.

“உள்ள போடாதீங்க” என்றேன். “பிடிச்சுக் குடுத்துருவாங்களோன்னு பயந்தா எந்த அம்மா வாயத் திறப்பா? அடிமையானவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”  முன்வரிசையில் இரண்டு பேர் மேஜையை எட்டிப் பார்த்தார்கள்.

நடுவர் குனிந்து, “டீச்சர், நீங்க ‘கூடும்’ அணி” என்றார்.

அப்போது எதிரணி துள்ளி எழுந்தார். தோள் துண்டை மேஜைமேல் வீசினார். “நான் ஒத்துக்கவே மாட்டேன்! மதுக்கடையச் சட்டப்படிதான திறந்து வச்சிருக்கோம்? குடி குறைஞ்சுச்சா? வெட்டுக்குத்து குறைஞ்சுச்சா?”

அது என் பாயிண்ட்! நான் எழுதி வைத்தது!

“அண்ணே, நீங்க ‘குறையும்’ அணி!” என்று நடுவர் கத்தினார்.

“யாரு சொன்னா?”

மணி அடித்தார்கள். மைக்கைப் பிடுங்கினார்கள். மைக் இல்லாமலே பத்து நிமிஷம் பேசினார். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இரண்டு அணியும் இடம் மாறிவிட்டதால் தீர்ப்பு கிடையாது என்று நடுவர் முடித்தார். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். என் கேடுகாலத்தில்கூட நான் சொன்னதை மறுக்காமல் இருக்க முடியவில்லையே இந்த மனுஷனால் என்று அப்படி ஒரு ஆத்திரம். வீட்டில் பையைக் கவிழ்த்தால் அட்டையைக் காணோம். உயிரே போய்விட்டது.

திங்கள் காலை ஒன்பது மணி. கணவர் பஸ்ஸில் சேலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். தம்பி இன்னும் ‘வாரேன்’தான். ஜோயல் கட்டிலில் உட்கார்ந்து நடுங்கினான். ஆஸ்பத்திரி என்றாலே, “போலீஸுக்குச் சொல்லிருவாங்கம்மா, நான் வரல.”

வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியது எதிரணி. “இன்னும் என்னண்ணே வாதாடணும் என்கூட?” என்று சீறினேன்.

அவர் சுருட்டிய துண்டை என் கையில் வைத்தார். பிரித்தேன். உள்ளே அந்த அட்டை. நேற்று எதன்மேல் துண்டை வீசினார், எதற்காக அத்தனை கத்தினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

“ஆஸ்பத்திரில விசாரிச்சுட்டேன்” என்றார். “தானா வைத்தியத்துக்கு வர்றவன அவங்க பிடிச்சுக் குடுக்குறதில்ல. டாக்டர் இருக்காரு. கிளம்புடா.”

“நான் கெட்டுப்போயிட்டேன் அங்கிள்” என்றான் ஜோயல்.

“யாரு சொன்னா?”

ஜோயல் எழுந்து சட்டையை மாட்டினான். கை நடுக்கத்தில் பொத்தான் சேரவில்லை. எதிரணி குனிந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். எதைச் சொன்னாலும் மறுப்பார் என்று தெரிந்தும் எனக்கு வாய் நிற்கவில்லை. “இவன் நல்ல பிள்ளைண்ணே” என்றேன்.

அவர் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார்.

“ஆமா டீச்சர்.”