மார்கழிக்கு வாங்கிய கார்

காரைக் கிளப்பச் சுற்றும் ஹாண்டில் மூன்றாவது முறையாகத் திருப்பி அடித்தபோது வைரக்கண்ணு காரைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் அச்சுக் கோர்ப்பவர் எடுத்துவிடுவார்.

மார்கழி முதல் தேதி. இன்னும் சரியாக விடியவில்லை. பனி கொட்டி, அந்தக் கறுப்புக் காரின் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பின் ஸீட்டில் தேங்காய் பழத் தட்டோடு சம்பூர்ணம் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வாசற்படியில் தலைக்கு மப்ளரும் உடம்புக்குக் கம்பளியுமாக அவள் புருஷன், மிராசுதார் சிவசுப்பிரமணியன், நின்றார்.

"கெளம்புமா கெளம்பாதாடா?"

"கெளம்பும்ங்க. பனியில இஞ்சின் வெறச்சுக் கெடக்குதுங்க."

"அது வெறச்சுக் கெடந்தா, நானும் வாசல்ல நின்னு வெறைக்கணுமா? நீயெல்லாம் ஒரு டிரைவரு."

வைரக்கண்ணு வீங்கிய கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. புரட்டாசியில் அய்யாவுக்கு வயிற்று வலி வந்து புரண்டார். மார்கழி முப்பது நாளும் தம்பதியாய் விடியற்காலையில் திருமழபாடி போய், கொள்ளிடத்தில் முழுகி, சுவாமி கும்பிடுவதாக அம்மாள் வேண்டிக்கொண்டாள். வலி போய்விட்டது. வேண்டுதல் பாக்கி நின்றது. வில்வண்டியில் போனால் உச்சி வேளைக்குத்தான் போய்ச் சேரலாம், குலுங்கினால் வயிற்றுக்கும் ஆகாது, அதனால் கார் வாங்கப் போகிறேன் என்றார் அய்யா. அரியலூரில் செல்லதுரை என்பவர் மோட்டார் ரிப்பேர் கொட்டகை வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் விட்டுப் போன கார்களை வாங்கி விற்பதும் உண்டு. அய்யா அங்கே மூன்று கார்களைப் பார்த்து, அரை நாள் உட்கார்ந்து விசாரித்து, இந்தக் கறுப்புக் காரை எடுத்து வந்தார்.

டிரைவர் வேலைக்கு நாலு பேர் வந்தார்கள். மூன்று பேர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்கள். வைரக்கண்ணு லைசென்ஸ் வாங்கி இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் மாட்டுவண்டி. அய்யா நாலு பேரையும் கேள்வி கேட்டுவிட்டு வைரக்கண்ணுவைத்தான் வைத்துக்கொண்டார். அந்தப் பெருமையில் அவனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

பெருமையை விடப் பெரிய காரியம் ஒன்றும் அதில் நடந்தது. மீன்சுருட்டி அய்யாக்கண்ணு தன் மகள் தனத்தை வண்டிக்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று இரண்டு வருஷமாக முறுக்கிக்கொண்டிருந்தவர், கார் டிரைவர் என்றதும் இறங்கி வந்தார். தை பத்தாம் தேதி முகூர்த்தம். வேலை போனால் தனமும் போவாள். இது வைரக்கண்ணுவுக்கு நன்றாகத் தெரியும்.

"வில்வண்டியைப் பூட்டச் சொல்லுங்க" என்றாள் அம்மாள், காருக்குள்ளிருந்து.

"காரை வாசல்ல நிறுத்திட்டு வில்வண்டியில போனா ஊரு சிரிக்கும். இந்தப் பய நாளைக்குச் சரி பண்ணிடுவான்."

பிறகு அய்யா தெருவுக்கே கேட்கும்படி கால் மணி நேரம் வைரக்கண்ணுவைத் திட்டினார். திட்டிய களைப்பில் எட்டு மணி வரை தூங்கினார் என்று வாசல் தெளிக்கும் பாப்பாயி சொன்னாள்.

"செல்லதுரை அண்ணங்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துரட்டுங்களா?" என்று சாயங்காலம் கேட்டான் வைரக்கண்ணு.

"எவங்கிட்டயும் காட்ட வேணாம். உன்னை எதுக்குடா வச்சிருக்கேன்?"

இரண்டாம் தேதி, கொதிக்கக் கொதிக்க ஒரு தவலை வெந்நீரை ரேடியேட்டரில் ஊற்றினான். சில்லிட்டுக் கிடந்த ரேடியேட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. அடியில் ஓட்டை விழுந்து வெந்நீர் அவன் காலிலேயே ஊற்றியது. மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்று எங்கேயோ கேட்டிருந்தான். சமையல்கட்டிலிருந்து ஒரு டப்பா மஞ்சள் தூளை வாங்கிக் கொட்டினான். ஓட்டை அடைபட்டது. கார் கிளம்பவில்லை.

"வருஷத்துக்கு இடிச்சு வச்ச மஞ்சள்டா அது" என்றாள் அம்மாள். "இனிமே கொழம்புக்கு இந்தக் கார் மூடியத் தொறந்து மோந்துக்கவா?"

அய்யா அன்றைக்குத் திட்டியதில் புதிதாக இரண்டு வார்த்தைகள் இருந்தன. பிறகு போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் தேதிக்காக, முதல் நாள் இரவே பானெட்டைச் சுற்றி நாலு கட்டு வைக்கோலைப் போர்த்தினான். காருக்குக் குளிராது என்பது அவன் கணக்கு. காலையில் போய்ப் பார்த்தால் அய்யாவின் காராம்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து காரோடு நின்றது. வைக்கோலை முக்கால்வாசி தின்றுவிட்டு, பானெட்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் குழாயையும் மென்றுகொண்டிருந்தது.

வைரக்கண்ணு மாட்டை அடிக்கக் கை ஓங்கினான்.

"மாட்டத் தொட்டே, கைய ஒடிச்சுடுவேன்" என்றார் அய்யா. "அதுக்கு இருக்குற புத்திகூட உனக்கு இல்ல."

இதைக் கேட்டபோது அவனுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மாடு தின்றது என்றால் மாட்டைக் கேட்க வேண்டும். கார் நின்றது என்றால் அதை விற்றவனைக் கேட்க வேண்டும். யாரையும் கேட்காமல் இவனையே கேட்டால் எப்படி? ஆனால் தை பத்தாம் தேதி என்று ஒன்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பஸ் கம்பெனி ஆபீஸ் பியூன் ஒருவனிடம் கெஞ்சி, ஒரு ரப்பர் குழாய் வாங்கி வந்து மாட்டினான்.

நாலாம் தேதி காருக்கு அடியில் ஒரு சட்டியில் நெருப்புக் கங்கு வைத்தான். யோசனை தப்பில்லை. மாடு தின்றது போக மிச்ச வைக்கோல் அங்கங்கே செருகிக் கிடந்ததை மட்டும் மறந்துவிட்டான். குப்பென்று பிடித்தது. வாசலில் நின்ற பாப்பாயி, கையிலிருந்த ஒரு வாளி சாணித் தண்ணீரை அப்படியே இஞ்சினில் ஊற்றினாள். நெருப்பு அணைந்தது. இஞ்சினில் இருந்த ஒவ்வொரு ஒயரும் பச்சையாகிவிட்டது.

"ஏன்க்கா, நல்ல தண்ணி ஒண்ணும் கெடைக்கலியா?"

"கையில இருந்தத ஊத்துனேன். எரியட்டும்னு பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா? உன் காரு எரிஞ்சா கோலம் போட எடம்தான் எனக்கு" என்றாள் பாப்பாயி.

அன்று முழுவதும் வைரக்கண்ணு சாணி துடைத்தான். துடைக்கத் துடைக்க ஆத்திரம்தான் ஏறியது.

ஐந்தாம் தேதி, இழுத்தாவது கிளப்புவது என்று முடிவு செய்தான். அய்யாவின் இரண்டு காளைகளைக் காருக்கு முன்னால் பூட்டினான். ஸ்டீரிங்கைப் பிடிக்கப் பண்ணையாள் ஒருவனை உட்கார வைத்தான். மாடுகள் வேறு யார் சொன்னாலும் நகராது என்பதால் தாற்றுக்கோலோடு தானே முன்னால் நடந்தான். 'ஹை, ஹை' என்று தெருக்கோடி வரை ஓட்டிக்கொண்டு போனபோது எதிரே குடையோடு ஒருவர் நின்றார். மீன்சுருட்டி அய்யாக்கண்ணு.

கல்யாணப் பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச வந்தவர், மாட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே இது?"

"காரு ஓட்டுறேன் மாமா."

"காரை வேற ஒருத்தன் ஓட்டுறான். நீ மாடு ஓட்டுற."

"பனியினால மாமா. ஒரு நாள்தான்."

"மாடு ஓட்டுறவனுக்குத்தான் நான் ரெண்டு வருஷமா பொண்ணு குடுக்கலே." அய்யாக்கண்ணு குடையை மடக்கினார். "நாளைக்குக் காத்தால வந்து பாக்குறேன். காரு தானா ஓடுச்சுன்னா பத்திரிகை. இல்லேன்னா, எங்க ஊர்லயே வண்டிக்காரன் இருக்கான், எனக்கு எதுக்கு அரியலூர்ப் பக்கம் வரைக்கும் அலைச்சல்?"

அதே நேரத்தில் வீட்டில் அம்மாளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "நாளைக்கும் கெளம்பலேன்னா வில்வண்டிதான். வேண்டுதல்ல அஞ்சு நாள் போச்சு, சாமி சும்மா விடாது. இந்த டிரைவரையும் அனுப்பிடுங்க."

"வில்வண்டியா? வயிறு என்னத்துக்கு ஆவுறது?" என்றார் அய்யா. "பாவம், இன்னும் ஒரு வாரம் பாப்பம். சின்னப் பய, பொழைச்சுப் போறான்."

இதைப் பாப்பாயி வந்து சொன்னாள். தனக்காக அய்யா பேசியது இதுதான் முதல் தடவை. வைரக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படியாவது இந்த மனுஷர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. யாரிடமும் காட்டக்கூடாது என்றுதானே சொன்னார், கேட்கக்கூடாது என்று சொல்லவில்லையே என்று, அரியலூர் ஸ்டாண்டில் நின்ற பெரம்பலூர் பஸ்ஸின் டிரைவர், ஆண்டவர் என்பவரைப் போய்ப் பிடித்தான்.

ஆண்டவர் டீயை ஆற்றியபடியே கேட்டுக்கொண்டார்.

"இஞ்சின்ல ஸ்பார்க் ப்ளக்கெல்லாம் கழட்டிப் பாத்தியா?"

"கழட்டலாங்களா அதை?"

ஆண்டவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "லைசென்ஸ் யாருய்யா குடுத்தது உனக்கு? ராத்திரி நாலு ப்ளக்கையும் கழட்டித் தொடச்சு வையி. காலையில அடுப்புல சுடவச்சுப் போட்டு ஒரு சுத்து சுத்து. இதுக்குப் போயி மாடு கட்டுனியாக்கும்."

ஆறாம் தேதி காலையில் பாப்பாயி வீட்டு அடுப்பில் ப்ளக்குகளைச் சுட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்து மாட்டினான். ஹாண்டிலை ஒரே ஒரு சுற்று. கார் உடம்பெல்லாம் குலுங்கி, கொஞ்சம் சாணி வாடையோடு புகைவிட்டு, கிளம்பிவிட்டது.

வாசலில் நின்ற அய்யாக்கண்ணு தலையை ஆட்டினார். "பத்திரிகைக்குச் சொல்லிடறேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டு நடந்தார். அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அய்யா கம்பளியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "சத்தம் சரியில்லையே. நிறுத்திப் பாரு" என்றார்.

"நிறுத்தாதே" என்றாள் அம்மாள். "ஏறுங்க நீங்க."

காரை எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டினான் வைரக்கண்ணு. கொள்ளிடத்தில் பனி புகையாக எழுந்துகொண்டிருந்தது. அய்யா கரையில் வெகு நேரம் நின்றார். அம்மாள் எண்ண எண்ண, மூன்று முழுக்குப் போட்டார். மூன்றாவது முழுக்கில் அவர் போட்ட சத்தம் கோயில் வரை கேட்டது.

வீடு திரும்பியதும் அம்மாள் பூஜை அறைக்குப் போனாள். தனக்கு வேட்டியாவது துண்டாவது கிடைக்கும் என்று வைரக்கண்ணு காரைத் துடைத்துக்கொண்டு நின்றான். அய்யா தும்மிக்கொண்டே வந்தார். ஆறு நாளில் முதல் தடவையாக, மெதுவான குரலில் பேசினார்.

"இந்தக் காரைக் கொண்டு போயி செல்லதுரைகிட்டயே விட்டுடு. சொன்ன சொல்லு தவறிட்டான்னு சொல்லு. நீயும் அப்படியே போயிடு. இங்க வராதே."

வைரக்கண்ணுவுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. புரிந்தபோது தை பத்தாம் தேதி கண்ணெதிரே போய்விட்டது. இனி அடக்கி வைக்க என்ன இருக்கிறது?

"கெளம்பாத அஞ்சு நாளும் வச்சிருந்தீங்க, கெளம்புன அன்னைக்குப் போவச் சொல்றீங்களா? நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி திட்டுனீங்க, வாங்கிக்கிட்டேன். மாட்ட விட எனக்குப் புத்தி இல்லேன்னீங்க, அதையும் வாங்கிக்கிட்டேன். வெரலு போச்சு, காலு வெந்து போச்சு. எனக்கு நாயம் சொல்லுங்க."

"சத்தம் போடாதேடா" என்று பூஜை அறைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார் அய்யா. தும்மினார்.

அரியலூர் வரை கார் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்காமல் ஓடியது. அது நன்றாக ஓடியதே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஐந்து நாள் உயிரை வாங்கிவிட்டு, வேலை போன பிறகு இப்படி ஓடுகிறதே என்று வழி நெடுக அதைத் திட்டிக்கொண்டே வந்தான். செல்லதுரை கொட்டகை வாசலில் ஹாரனை அடித்து நிறுத்தினான்.

கையில் கிரீஸோடு வெளியே வந்த செல்லதுரை, காரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"காலைல பனியில கெளம்புச்சா?"

"ஒரே சுத்துல கெளம்புச்சு."

"கெளப்புனது யாரு?"

"நாந்தான். அய்யாவோட டிரைவரு. நீங்க சொன்ன சொல்லு தவறிட்டீங்களாம், சொல்லச் சொன்னாரு. காரு நல்லா ஓடுறது ஒரு குத்தமாய்யா? இதென்ன அநியாயம்?"

செல்லதுரை கிரீஸ் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டார். "பனியில கெளம்பாத காரா ஒண்ணு குடுன்னு அரை நாளு உக்காந்து கேட்டு வாங்குனாரு, குடுத்தேன், அதைக் கெளப்பத் தெரியாத டிரைவரா நாலு பேருல ஒருத்தனத் தானே பாத்து எடுத்திருக்கேன்னாரு, இதுல நான் என்னய்யா சொல்லு தவறினேன்?"